வரிக்கு அஞ்சியவர்கள் – 9: ஏழைகளின் பட்ஜெட்டும் எடுக்கப்பட்ட பெயர்களும்

சென்ற வாரம் 1939-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த பொது விற்பனை வரியோடு நிறுத்தியிருந்தோம். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப ஒரு வரி வேண்டியிருந்தது. கடைக்காரர் கல்லாவில் எழுதப்பட்ட அந்த வரி, கடைசியில் வாங்குகிறவர் மடியில்தான் போய் இறங்கியது. அதுவரை இந்தியாவில் எந்த மாகாணமும் அப்படியொரு பொது விற்பனை வரி போட்டதில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, அதே ராஜாஜி டெல்லியில் இடைக்கால அரசின் உறுப்பினராக இருந்தபோது வேறொரு வரி வந்தது. இது பெரிய லாபம் பார்த்தவரின் பெட்டியைத் தேடி வந்தது. அதை மூர்க்கமாக எதிர்த்தவர்களில் படேலும் ராஜாஜியும் முக்கியமானவர்கள் என்று அமைச்சரவையில் கூட இருந்த மௌலானா ஆசாத் தம் நினைவு நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

பணக்காரர் மீது வரியைக் கூட்டு என்று ஒரு கட்சியும், அரசின் செலவைக் குறை என்று இன்னொரு கட்சியும் நேருக்கு நேர் நிற்கும்போது, அதைக் கொள்கைப் போராகப் பார்ப்பது நம் வழக்கம். ஒருவர் இடது, ஒருவர் வலது என்று கோடு கிழித்துவிட்டால் மனதுக்கும் நிம்மதி. 1947-க்கும் 1955-க்கும் இடையில் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு நிற்கவில்லை. ஜமீன்தார்களும் நவாபுகளும் நிறைந்த கட்சி செல்வர்மீது வரி போட்டது. செல்வர்மீது வரி போடுவோம் என்று மேடைதோறும் பேசிய கட்சி அதைக் குறைத்தது. விகிதத்தைப் பற்றிச் சபையில் இரு தரப்பும் கத்திக்கொண்டிருந்த வேளையில், உண்மையான தீர்ப்பு அமைச்சகத்துக் கோப்பறையில் எழுதப்பட்டது. யார் கணக்கைத் திறப்பது, யார் கணக்கை மூடிவைப்பது என்ற பட்டியலே அந்தத் தீர்ப்பு. இந்த வாரம் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

1946 அக்டோபரில் முஸ்லிம் லீக் இடைக்கால அரசில் சேர்ந்தபோது உள்துறையைக் கேட்டது. படேல் தர மறுத்தார். நிதியைக் கொடுத்துவிடலாம், லீகிடம் கணக்குத் தெரிந்த ஆள் கிடையாது, திணறிப்போவார்கள் என்று காங்கிரஸில் ஒரு யோசனை எழுந்தது. அதைச் சொன்னவர் ரஃபி அகமது கித்வாய் என்பது ஆசாத் தரும் தகவல். லீக் தலைவர்களும் முதலில் தயங்கினார்கள். நிதித் துறை அதிகாரியான சௌத்ரி முகமது அலிதான், நிதி கையில் இருந்தால் எல்லாத் துறையும் கையில் இருக்கும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அதுவரை அந்தப் பொறுப்பில் இருந்த ஜான் மத்தாய் இடம் மாற, லியாகத் அலி கான் நிதி உறுப்பினரானார். சில மாதங்களிலேயே ஒரு பியூன் வேலைக்குக்கூட நிதித் துறையின் கையெழுத்து வேண்டும் என்ற நிலையைக் கண்டு காங்கிரஸ் அமைச்சர்கள் கையைப் பிசைந்தார்கள்.

1947 பிப்ரவரி 28 அன்று லியாகத் தம் பட்ஜெட்டைப் படித்தார். வரும் ஆண்டின் வருவாய் 279.42 கோடி ரூபாய், செலவு 327.88 கோடி, பற்றாக்குறை 48.46 கோடி. பற்றாக்குறை இருக்கும்போதே அவர் உப்பு வரியை ஒழித்தார். அதனால் இன்னும் எட்டேகால் கோடி போய், துண்டு விழுந்த தொகை 56.71 கோடியானது. 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்தே போய் உப்பள்ளிய ராஜாஜி அமர்ந்திருந்த அரசில், உப்பு வரிக்கு முடிவுரை எழுதியவர் ஒரு லீக்காரர். (பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் பக்கத்தில் உப்பின் கதையே வேறு. 1815 ஒப்பந்தத்தின்படி உப்பு விஷயத்தை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டு, ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தது பாண்டிச்சேரி நிர்வாகம். அதைத் தனியாக எழுத வேண்டும்.) வருமான வரி விலக்கு 2,000 ரூபாயிலிருந்து 2,500 ஆனது. சிறு சம்பளக்காரருக்கு இது ஆறுதல்.

போன பணத்தை எங்கே எடுப்பது? ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்க்கும் தொழில்களின் மீது 25 சதவீதத் தொழில் லாப வரி. சொத்தையோ பங்கையோ விற்றுக் கிடைக்கும் ஆதாயத்தின் மீது மூலதன ஆதாய வரி. கம்பெனி வரி ரூபாய்க்கு ஓரணாவிலிருந்து இரண்டணா. வருமான வரியும் சூப்பர் வரியும் சேர்ந்து உச்சத்தில் ரூபாய்க்குப் பதினைந்தரை அணா. அந்த உச்சத்தை முன்பைவிடக் குறைந்த வருமானத்திலேயே தொட்டுவிடும்படி படிகள் சுருக்கப்பட்டன. இவற்றோடு, போர்க்காலத்தில் வரியை ஏமாற்றிக் குவித்தவர்களை விசாரிக்க ஓர் ஆணையம். இதற்கெல்லாம் பின்னணி எவருக்கும் தெரிந்ததே. போர் ஆண்டுகளில் துணி ஆலைகளும் சணல் ஆலைகளும் கொழுத்தன. 1943-இல் வங்காளம் பட்டினியால் செத்தது. போர்க்கால மிகை லாபத்தின் மீது 66⅔ சதவீதம் வரை இருந்த வரி 1946 மார்ச்சோடு எடுக்கப்பட்டிருந்தது. கள்ளச்சந்தைக்காரர்களைப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட வேண்டும் என்று நேரு பேசியது ஊரறிந்தது. தூக்குக்குப் பதில் லியாகத் வரிச்சீட்டை நீட்டினார். ஏழைகளின் பட்ஜெட் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

பங்குச் சந்தைகள் சரிந்தன. வணிகச் சபைகளிலிருந்து தந்திகள் பறந்தன. சோஷலிசம் பேசிய காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் ஒரே இரவில் மூலதனத்தின் பலவீனமான உடல்நிலையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்கள். மார்ச் முழுக்க இழுபறி. கடைசியில் 25 சதவீதம் 16⅔ ஆகக் குறைந்தது. மூலதன ஆதாயத்தில் 15,000 ரூபாய் வரை விலக்குக் கிடைத்தது. இரு தரப்பும் வெற்றி என்று சொல்லிக்கொள்ள இடம் வைத்த சமரசம் இது.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் வலுவானது. லியாகத்துக்கு ஏழைகள் மீது என்ன அக்கறை? வரி விழப்போவது பெரும்பாலும் இந்துத் தொழிலதிபர்கள் தலையில். அவர்களில் பலர் காங்கிரஸுக்குப் பணம் கொடுப்பவர்கள். கட்சியையும் அதன் பணப்பையையும் பிரித்து வேடிக்கை பார்ப்பதே நோக்கம் என்றார்கள். இதில் பொய் அதிகமில்லை. கர்னால் பக்கத்து நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்த லியாகத்தின் கட்சியில் நிலம்தான் பெரிய சொத்து. நிலத்து வருமானத்தை அந்த பட்ஜெட் தொடவில்லை. 1935 சட்டப்படி வேளாண் வருமானத்துக்கு வரி போடும் உரிமை மாகாணங்களுடையது என்ற வசதியான பதில் அவரிடம் இருந்தது. ஆனால் நோக்கம் கெட்டது என்று காட்டிவிட்டால் வரியும் கெட்டதாகிவிடுமா? திட்டம் அமைச்சரவையின் முன் வைக்கப்பட்ட பிறகே சபைக்கு வந்தது. அதிலிருந்தவை காங்கிரஸ் தானே சொல்லிவந்த கொள்கைகள் என்று காங்கிரஸ்காரரான ஆசாதே ஒப்புக்கொள்கிறார். எதிராளியின் கபடத்தை அம்பலப்படுத்த எளிய வழி ஒன்று இருந்தது: அவர் போட்ட வரியை அப்படியே ஏற்றுக்கொண்டு, நிலத்துக்கும் நீட்டு என்று கேட்பது. அதை யாரும் கேட்கவில்லை.

கட்சி எந்த வர்க்கத்துடையது என்பதைவிட, வரி விழும் நாளில் அது எந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறது என்பதே பேச்சைத் தீர்மானிக்கிறது. வெளிநாட்டிலும் இப்படித்தான். பிரான்ஸில் ஜோசப் கையோ 1907-இல் கொண்டுவந்த வருமான வரி மசோதா 1909-இல் கீழவையில் நிறைவேறியது; மேலவை அதை 1914 ஜூலை வரை அடைகாத்தது. போர் வாசலில் நின்றபோதுதான் வழிவிட்டார்கள். அந்த மேலவையில் பிரெஞ்சிந்தியாவுக்கும் ஓர் இடம் இருந்தது என்பதை நம்மூர்க்காரர்கள் மறந்துவிட்டோம். பிரிட்டனில் லாயிட் ஜார்ஜின் 1909 பட்ஜெட்டைப் பிரபுக்கள் சபை தள்ளியது. விளைவாக 1911-இல் பிரபுக்கள் தங்கள் தடை அதிகாரத்தையே இழந்தார்கள். டெல்லியில் அப்படியொரு முறிவு நேரவில்லை. நாடே இரண்டாகப் போகிற அவசரத்தில் வரிச்சண்டை பாதியில் நின்றது.

இரண்டாவது ஆட்சேபம் இன்றும் காதில் விழுவது: புதுவரி எதற்கு, முதலில் செலவைக் குறை. 1947 பட்ஜெட்டைப் புரட்டினால் 327.88 கோடிச் செலவில் பாதுகாப்புக்கு மட்டும் 188.71 கோடி, ரூபாயில் ஒன்பதணாவுக்கும் மேல். குறைப்பதானால் அங்கேதான் குறைக்க வேண்டும். போர் முடிந்த நாடு, படைகளைக் கலைத்துக்கொண்டிருந்த நாடு, குறைக்கவும் இடமிருந்தது. ஆனால் ஆகஸ்டுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. விடுதலை இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று படித்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான அந்தக் கணக்கில் வருவாய் 171.15 கோடி, செலவு 197.39 கோடி. பாதுகாப்பு 92.74 கோடி, அகதிகளுக்கு 22 கோடி, வெளிநாட்டு உணவு தானியத்தை மலிவாக விற்க ஏறக்குறைய அதே அளவு. காஷ்மீரில் சண்டை, பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கில் வந்த குடும்பங்கள், ரேஷன் கடை வரிசை. இதில் எதை வெட்டுவது? செலவைக் குறை என்று சபையில் பேசியவர்கள் எந்தத் தலைப்பில், எத்தனை கோடி என்று சொன்னதை நான் தேடியும் காணவில்லை. 1948-இல் அரசு சிக்கனக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவராக அமர்ந்தவர் அகமதாபாத் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாய். தனிப்பட்ட முறையில் அவர் நேர்மையானவர், திறமைசாலி, அதில் ஐயமில்லை. ஆனாலும் லாப வரியைக் குறைக்கச் சொன்ன வர்க்கத்திடமே அரசின் செலவைக் குறைக்கும் கத்தியையும் கொடுத்தது ஒரு குறிப்பு. அதே ஆண்டு பட்ஜெட்டில் செட்டியார் தொழில் லாப வரியை 10 சதவீதமாக்கினார். மூலதன ஆதாய வரி 1948 மார்ச்சுக்குப் பிந்திய ஆதாயங்களைத் தொடாமல் நின்றது.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு உழவர்கரையிலிருந்தே பதில் சொல்லலாம். வரியைக் கூட்டினால் மூலதனம் ஓடிவிடும் என்பார்கள். 1947-இல் ஓடிப்போக இடம் பக்கத்திலேயே இருந்தது. உழவர்கரை அப்போது பிரெஞ்சு நிர்வாகத்தின் கொம்யூன்களில் ஒன்று. கோரிமேட்டைத் தாண்டினால் லியாகத்தின் வரியும் இல்லை, செட்டியாரின் வரியும் இல்லை. இந்திய வருமான வரிச் சட்டம் இங்கே 1963 ஏப்ரல் 1-இல்தான் காலடி வைத்தது. 1941 முதல் இந்தியாவோடு சுங்க ஒன்றியமும் இருந்தது. அது முறிந்தது 1949-இல். ரோடியர், சவானா, கெப்ளே என்று மூன்று ஆலைகள் ஓடி, நூற்பும் நெசவும் தெரிந்த தொழிலாளர் கூட்டமும் இருந்த ஊர் இது. ஆனாலும் கோவை ஆலைக்காரர்கள் கதிர்களைக் கழற்றிக்கொண்டு இங்கே வரவில்லை. பைக்காரா மின்சாரமும் கொங்குப் பருத்தியும் அங்கேதான் இருந்தன. பிரெஞ்சுக்காரர் என்றைக்குக் கப்பலேறுவார் என்று தெரியாத ஊரில் ஆலை கட்ட யாருக்கும் துணிவில்லை என்றும் சொல்லலாம், அதுவும் நியாயமே. ஆனால் சுங்க ஒன்றியம் முறிந்த பிறகு இந்த எல்லையில் எது ஓடியது? தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும். கணக்கில் காட்ட முடியாத பணம்தான் எல்லை தாண்டத் தெரிந்துவைத்திருந்தது. கணக்கில் இருந்த பணம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்கு எதிர்ச் சாட்சியும் உழவர்கரையிலேயே உண்டு. அதை மறைப்பது அழகல்ல. 1990-களில் புதுச்சேரியைத் தொழிலில் பின்தங்கிய பகுதியாக வருமான வரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் சேர்த்தார்கள். புதிய தொழிற்சாலைக்கு முதல் ஐந்து ஆண்டு லாபத்துக்கு முழு விலக்கு. தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள் நிரம்பின; சென்னைக் கம்பெனிகளின் பெயர்ப் பலகைகள் வந்தன. ஆக, வரி குறைந்தால் மூலதனம் நகரும் என்பது உண்மை. சலுகைக் காலம் முடிந்ததும் பூட்டிய கொட்டகைகள் பல என்பதும் அதே அளவுக்கு உண்மை. வரிக்காக வருவது வரிக்காகவே போகும். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஆளுக்கும் வருவது தங்கும். வரி கூடினால் தொழிலே அழிந்துவிடும் என்ற 1947 கூக்குரலுக்கு இந்தச் சாட்சி துணை நிற்காது. சலுகையைச் சொத்தாக நினைக்காதே என்றுதான் அது அரசுக்குச் சொல்கிறது.

இனி பட்டியலுக்கு வருவோம். விகிதங்களைக் குறைத்த பிறகும் லியாகத் பட்ஜெட்டின் ஒரு பகுதி உயிரோடு இருந்தது: வருமான வரி விசாரணை ஆணையம். 1947-இன் 30-ஆம் எண் சட்டம் அதற்கு உடல் கொடுத்தது. தலைவர், கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சர் சீனிவாச வரதாச்சாரியார். புதிய வரி எதுவும் போடாமல், ஏற்கெனவே கட்டியிருக்க வேண்டிய வரியை வாங்குவது ஆணையத்தின் வேலை. வரிக் குறைப்புக் கட்சியும் செலவுக் குறைப்புக் கட்சியும் சேர்ந்து வரவேற்றிருக்க வேண்டிய வேலை இது; எந்தத் தத்துவப்படி பார்த்தாலும் ஏய்த்த வரியை விட்டுவிடச் சொல்ல முடியாது. ஆனால் ஆணையம் தானாக ஒரு கணக்கைத் திறக்க முடியாது. எந்த வழக்கை அனுப்புவது என்று முடிவு செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம், அதாவது நிதி அமைச்சகத்திடம் இருந்தது. பூட்டு ஆணையத்திடம், சாவி அமைச்சகத்திடம்.

1948-இல் அந்தச் சாவி செட்டியார் கையில். 1892-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், நீதிக்கட்சிக்காரர், மத்தியச் சட்டப்பேரவையின் தலைவராக இருந்தவர், கொச்சியின் திவானாக ஆறு ஆண்டுகள் துறைமுக வளர்ச்சிக்கு உழைத்தவர், 1944-இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போனவர். காங்கிரஸ்காரரல்லாத அவரை நேருவின் முதல் அமைச்சரவை திறமைக்காகவே சேர்த்துக்கொண்டது. ஆணையத்துக்கான பட்டியலிலிருந்து சில பெயர்கள் எடுக்கப்பட்டுவிட்டன, அவற்றில் கோவை ஆலைத் தொழிலைச் சேர்ந்தவையும் உண்டு என்ற புகார் எழுந்தது. சபையில் கேள்விகள் வந்தன. 1948 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். அவர் சொந்தமாக ஒரு காசு பார்த்தார் என்று எவரும் நிரூபிக்கவில்லை. அதிகாரிகளின் குறிப்பை ஏற்றுக் கையெழுத்திட்டதே தவறாகிவிட்டது என்று அவர் தரப்பில் பேசுவோர் உண்டு. ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் வேலையல்ல. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த விகிதம் சட்டத்தில் இருந்தாலும், பெயரை எடுக்கவும் சேர்க்கவும் ஒரு மேசைக்கு அதிகாரம் இருந்தால் வரியின் உண்மையான விகிதம் அந்த மேசையில்தான் நிர்ணயமாகிறது. 25-ஆ, 16⅔-ஆ, 10-ஆ என்று ஓராண்டு முழுக்கச் சண்டையிட்டார்கள். பட்டியலில் இல்லாதவருக்கு அந்த எண்கள் மூன்றுமே பூஜ்யம்.

மிச்சத்தை நீதிமன்றம் முடித்தது. வரதாச்சாரியாருக்குப் பின் ஆணையத்தில் அமர்ந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஏ.வி. விஸ்வநாத சாஸ்திரியின் பெயர் எதிர்த்தரப்பாகச் சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. 1954 மே மாதம் கல்கத்தா வணிகர் ஒருவரின் வழக்கில் ஆணையச் சட்டத்தின் ஒரு பிரிவு விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மதுரை மீனாட்சி மில்ஸ் வழக்கில் இன்னொரு வாசலும் அடைபட்டது. 1955 டிசம்பரில் செட்டிநாட்டுத் தொழிலதிபர் ஒருவர் தொடுத்த வழக்கோடு மீதியும் போயிற்று. ஒரே வகைப்பட்ட வரி ஏய்ப்பவர்களில் சிலரை மட்டும் கடுமையான நடைமுறைக்கு இழுப்பது அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்பது தீர்ப்பின் சாரம். சட்டக் கண்ணோட்டத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. கவனித்துப் பார்த்தால் நீதிமன்றம் கண்டித்ததும் அதே நோயைத்தான்: யாரை இழுப்பது, யாரை விடுவது என்பதை அரசின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. ஆனால் அதன் பலன் விடுபட்டவர்களை உள்ளே கொண்டுவருவதாக அமையவில்லை. உள்ளே இருந்தவர்களையும் வெளியே விட்டது.

விகிதம் முக்கியமே இல்லை என்கிறாயா என்று கேட்கலாம். விகிதம் முக்கியம்தான். 1970-களின் தொடக்கத்தில் உச்ச வருமான வரி 97.75 சதவீதம் வரை ஏறியது. அதுவே ஏய்ப்புக்கு உரம் என்று வாஞ்சூ குழு சொன்ன பிறகு 1974-இல் 77-க்கு இறங்கியது. அளவுமீறிய விகிதம் நேர்மையானவரையும் கெடுக்கும். ஆனால் விகிதம் குறைந்தால் எல்லோரும் ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் மெலிந்ததே. அரை, ஒன்று, ஒன்றரை என்ற மிதமான விகிதங்களோடு 1957-இல் பிறந்த செல்வ வரி, ஐம்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 2015-இல் அருண் ஜெட்லியின் பட்ஜெட்டில் முடிந்தபோது, அதற்கு முன் கணக்கெடுத்த ஓர் ஆண்டில் நாடு முழுவதிலும் வசூலானது 1,008 கோடி. இந்தியாவின் செல்வம் அவ்வளவுதான் என்று நம்புகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தச் செல்வ வரியைக் கொண்டுவந்தவர் இன்னொரு தமிழர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அதை எதிர்த்த கட்சியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ராஜாஜி. அந்தச் சண்டையின் முதல் ஆவணம் விசாரணை ஆணையம் வீழ்ந்த அடுத்த ஆண்டிலேயே வந்துவிட்டது. 1956-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த நிக்கோலஸ் கால்டர் இந்திய வரிகளைப் பற்றி அறிக்கை எழுதினார். ஆண்டுதோறும் ஏய்க்கப்படும் வருமான வரி 20 முதல் 30 கோடி ரூபாய் இருக்கலாம் என்றது வரித் துறை. கால்டர் போட்ட கணக்கு 200 முதல் 300 கோடி.

(தொடரும்)